இரண்டு குரோமோசோம், ஒரே நேரம்: நம் மண்ணின் பாக்டீரியா நடத்தும் பாடம்



படிவம் நான்கு உயிரியல் பாடத்தில் மைட்டோசிஸ் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். குரோமோசோம்கள் இரட்டிக்கும், உட்கருச் சவ்வு மறையும், கதிர் இழைகள் தோன்றி ஒவ்வோர் இணையையும் இரு முனைகளுக்கு இழுக்கும், பிறகு உயிரணு இரண்டாகும். தேர்வுக்காகப் படம் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் குறித்துப் பழகிய பாடம் அது.

அண்மையில் இளைய மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, பாக்டீரியாவுக்கு உட்கருவும் இல்லை, கதிர் இழையும் இல்லை. அப்படியிருக்க அது தன் குரோமோசோமை எப்படிச் சரிபாதியாகப் பங்கு போடுகிறது?"

"அது மிகச் சிறியது, தானாகவே பிரிந்துவிடும்" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் நிறைவு தரவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, தானாகப் பிரிவது என்று எதுவுமே அங்கு இல்லை என்பது தெரியவந்தது. அந்த மாணவருக்கு நான் கடன்பட்ட விடையே இக்கட்டுரை. பாடத்திற்கு எடுத்துக்காட்டாக, நாம் மிதித்து நடக்கும் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம்.

ரங்கூனில் தொடங்கிய கதை

1911-ஆம் ஆண்டு. பர்மாவின் ரங்கூன் மருத்துவமனையில் நோய்க்கூற்று மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஒரு விநோதமான நோயைக் கண்டனர். இறந்தவர்களில் பலர் மார்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயை அது ஒத்திருந்தது. ஆனால் அந்நோயின் கிருமி நகராது, இக்கிருமியோ நீந்தியது. இது புதிய கிருமி என்று இருவரும் 1912-இல் இந்திய மருத்துவ இதழில் எழுதினர். கிருஷ்ணசாமி என்னும் நம் செவிக்குப் பழக்கமான அப்பெயர், உலக மருத்துவ நூல்களில் இன்றும் விட்மோரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்த அத்தியாயம் நம் நாட்டில் நடந்தது. 1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு விலங்குகளிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. அதை ஆராய்ந்த ஸ்டாண்டன், ஃபிளெச்சர் ஆகிய இருவரும், ரங்கூன் கிருமியே இதற்கும் காரணம் எனக் கண்டனர். 1921-இல் அந்நோய்க்கு 'மெலியோய்டோசிஸ்' என்று பெயரிட்டவர்களும் அவர்களே. கிருமியின் இன்றைய பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லி.

இக்கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்கிறது. தோலில் உள்ள சிறு காயம் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, அசுத்த நீர் வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. 2010-இல் பகாங் மாநிலத்தின் லுபோக் யூ ஆற்றுப் பகுதியில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் ஈடுபட்டவர்களிடையே இந்நோயும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் சேர்ந்து பரவி உயிர்களைப் பறித்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சாவித்திரி புதுச்சேரி இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்து, மலேசியாவில் அதன் நிலையைப் பற்றி 2009-இல் விரிவாக எழுதியுள்ளார். ஜொகூர் பாரு மருத்துவர்களும் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரட்டைச் சுமை

இக்கிருமியின் முழு மரபு வரிசை 2004-இல் வெளியானது. தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட வகை அது. அதில் தெரிந்த ஒரு செய்திதான் நம் பாடத்திற்கு வேண்டியது: இக்கிருமிக்கு ஒன்றல்ல, இரண்டு குரோமோசோம்கள். இரண்டும் வளைய வடிவம். பெரியதில் சுமார் 4.07 மில்லியன் எழுத்துகள். சிறியதில் சுமார் 3.17 மில்லியன். எழுத்து என்று நான் சொல்வது டி.என்.ஏ. ஏணியின் ஒவ்வொரு படியை.

பெரிய வளையத்தில் உயிரணு வளரவும் உணவை மாற்றவும் தேவையான அடிப்படை மரபணுக்கள் மிகுதி. சிறிய வளையத்திலோ மண்ணிலும் உடலிலும் பிழைத்துக்கொள்ளும் உத்திகளுக்கான மரபணுக்கள் மிகுதி. இரண்டில் எது விடுபட்டாலும் கிருமி கிருமியாக இருக்காது.

பாக்டீரியாவுக்கு ஒரே குரோமோசோம்தான் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1989-இல் ரோடோபாக்டர் என்னும் பாக்டீரியாவில் இரண்டு குரோமோசோம்கள் உண்டு என்று அமெரிக்காவில் காட்டியவர்கள் அந்தோனியுஸ் சுவாந்தோ, சாமுவேல் கப்லான் இருவர். சுவாந்தோ இந்தோனேசியர், பின்னாளில் போகோர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். வரிசை கண்டறியப்பட்ட பாக்டீரியாக்களில் பத்தில் ஒரு பங்கு இத்தகைய பல்பகுதி மரபு கொண்டவை என்று இன்று கணக்கிடப்படுகிறது.

இப்போது சிக்கலின் அளவைப் பாருங்கள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 0.34 நானோமீட்டர். நம் கிருமியின் 7.24 மில்லியன் எழுத்துகளையும் நீட்டினால் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளம் வரும். கிருமியின் நீளமோ 2 மைக்ரோமீட்டர் அளவு. தன்னைவிட ஆயிரம் மடங்கிற்கும் நீளமான நூலை உள்ளே அடக்கி, சிக்கலில்லாமல் படியெடுத்து, இரண்டு பிரதிகளையும் இரு பக்கம் ஒதுக்கி, நடுவில் சுவர் எழுப்ப வேண்டும். நூல் அங்கேயே கிடக்கச் சுவர் எழும்பினால் மரபு அறுபடும். சுவர் எழும்பும்போது ஒரு பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பிள்ளை உயிரணு மரபற்றுப் போகும்.

எப்போது தொடங்குவது?

இந்த வேலையின் அடிப்படை விதிகளை அறிவியல் கற்றுக்கொண்டது ஒரே வளையம் கொண்ட ஈ. கோலை பாக்டீரியாவிடமிருந்து. ஆகவே முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு இரட்டை வளையத்திற்கு வருவோம்.

1963-இல் பிரான்சுவா ஜாக்கோப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குசான் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். வளையத்தில் குறிப்பிட்ட ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. ஒரு தொடக்கப் புரதம் அதன்மேல் செயற்பட்டால்தான் படியெடுத்தல் தொடங்கும் என்றனர். அது சரியென்று பின்னர் உறுதியானது. ஈ. கோலையில் அந்தப் புரதத்தின் பெயர் டிஎன்ஏ-ஏ. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் சுமந்த டிஎன்ஏ-ஏ புரதங்கள் தொடக்கப் புள்ளியில் கூட்டமாக அமர்ந்து ஏணியைப் பிரித்துத் திறக்கின்றன. அங்கிருந்து இரண்டு படியெடுக்கும் பொறிகள் எதிரெதிர்த் திசையில் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ 1000 எழுத்துகளைப் படியெடுக்கும். 4.64 மில்லியன் எழுத்து வளையத்தைச் சுற்றி, எதிர்முனையில் இரண்டும் சந்திக்க ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும்.

உயிரணு போதிய அளவு வளர்ந்த பிறகுதான் தொடக்கம் நிகழ்கிறது. ஒரு தொடக்கப் புள்ளிக்கு இவ்வளவு உயிரணு நிறை என்ற விகிதம் பெரும்பாலும் மாறாமல் இருப்பதை 1968-இல் வில்லியம் டோனாக்கி எடுத்துக்காட்டினார்.

தொடங்குவது மட்டும் போதாது. ஒரு சுற்றுக்கு ஒரே முறைதான் தொடங்க வேண்டும். அதற்குப் பூட்டுகள் உள்ளன. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதல் பூட்டு: பழைய டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் மீத்தைல் குறி இருக்கும். புதிதாகப் படியெடுத்த இழையில் அந்தக் குறி உடனே விழாது. பாதிக் குறியுள்ள அந்த நிலையைக் கண்டுகொண்டு செக்-ஏ என்னும் புரதம் தொடக்கப் புள்ளியை மூடி மறைத்துக்கொள்கிறது. சற்று நேரம் வேறெந்தப் புரதமும் அங்கே அமர முடியாது.

இரண்டாம் பூட்டு: படியெடுக்கும் பொறியை டி.என்.ஏ.வின்மேல் நழுவாமல் பிடித்து ஓடும் வளையக் கவ்வி ஒன்று உண்டு. ஓடுகின்ற அக்கவ்வி, இன்னொரு புரதத்தின் துணையோடு, டிஎன்ஏ-ஏ சுமக்கும் ஏ.டி.பி.யைச் செலவழிக்க வைக்கிறது. தொடக்கப் புரதம் வலுவிழக்கிறது.

இந்த இரண்டாம் பூட்டைக் கவனியுங்கள். "மறுபடி தொடங்காதே" என்று கட்டளையிட வெளியிலிருந்து யாரும் வரவில்லை. படியெடுத்தல் நடப்பதே மறு தொடக்கத்தைத் தடுக்கிறது. இக்கட்டுரை முழுவதற்கும் இதுதான் திறவுகோல்: பாக்டீரியாவில் கடிகாரம் பார்த்து ஆணையிடும் மேலாளர் இல்லை, ஒரு வேலை நடக்கும் செயலே அடுத்த வேலைக்கான மணி.

எப்படிப் பங்கிடுவது?

ஜாக்கோப்பும் நண்பர்களும் பங்கீட்டுக்கும் ஒரு விளக்கம் தந்தனர். இரு பிரதிகளும் சவ்வில் ஒட்டியிருக்கும். இடையில் சவ்வு வளர வளர அவை விலகும் என்றனர். எளிமையான, அழகான கருத்து. ஆனால் 1990-களில் ஒளிரும் புரதங்களைக் கொண்டு தொடக்கப் புள்ளிகளுக்கு அடையாளமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை உயிரணு வளரும் வேகத்தைவிட விரைவாக விலகிச் செல்வது தெரிந்தது. சவ்வு வளர்ச்சி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இன்னொரு செய்தியும் தெரிந்தது. மைட்டோசிஸ் போல, முழுவதும் படியெடுத்து முடித்த பிறகு பங்கிடும் வழக்கம் பாக்டீரியாவில் இல்லை. தொடக்கப் புள்ளி இரட்டித்த சிறிது நேரத்திலேயே இரண்டும் விலகத் தொடங்குகின்றன. மீதி வளையம் படியெடுக்கப்படும்போதே பின்தொடர்கிறது. ஒரு பக்கம் அச்சாகிக்கொண்டிருக்க, அச்சான தாள்கள் மறு பக்கம் இரு கட்டுகளாக அடுக்கப்படுவது போல.

இழுக்கும் வேலையைப் பல பாக்டீரியாக்களில் பார் அமைப்பு செய்கிறது. அதற்கு மூன்று உறுப்புகள். தொடக்கப் புள்ளிக்கு அருகில் உள்ள பார்-எஸ் என்னும் குறுகிய வரிசை, அதன்மேல் கூட்டமாக அமரும் பார்-பி புரதம், டி.என்.ஏ. பரப்பின்மேல் பரவிக் கிடக்கும் பார்-ஏ புரதம். பார்-பி கூட்டம் தன்னைத் தொடும் பார்-ஏ-வை உதிரச் செய்கிறது. உதிர்ந்த இடம் வெறுமையாகிறது. எதிரே இன்னும் பார்-ஏ நிறைந்திருக்கிறது. அதைப் பற்றிப் பற்றி முன்னேறுகிறது தொடக்கப் புள்ளி. கதிர் இழை இல்லாமலே இழுப்பு நடக்கிறது!

வியப்பு என்னவென்றால், ஈ. கோலையின் குரோமோசோமுக்கு இந்தப் பார் அமைப்பு கிடையாது. அங்கே நூலை மடித்துச் சுருட்டி ஒழுங்குபடுத்தும் முக்-பி போன்ற புரதங்கள் பெரும்பங்கு ஆற்றுகின்றன. அந்தப் பெயரின் பின்னால் ஒரு கதை உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் ஹிராகா குழுவினர், பிரியும்போது வெற்றுப் பிள்ளைகளை ஈனும் பாக்டீரியாக்களைத் தேடிப் பிடித்தனர். ஜப்பானிய மொழியில் 'முகாகு' என்றால் உட்கரு இல்லாதது. அதிலிருந்து பிறந்ததே 'முக்'. தம் மொழிச் சொல்லை உலக அறிவியலில் பதித்துவிட்டார்கள்!

கடைசியில் ஒரு முடிச்சு மிஞ்சும். வளையத்தைப் படியெடுத்தால் இரு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கும். டோபோஐசோமரேஸ்-4 என்னும் நொதி ஒன்றை அறுத்து, மற்றதை ஊடே விட்டு, மறுபடி ஒட்டுகிறது. சில வேளை இரு வளையங்களும் இணைந்து ஒரே பெரு வளையமாகிவிடும். அப்போது, பிளவுச் சுவர் எழும் இடத்தில் நிற்கும் எஃப்.டி.எஸ்.-கே என்னும் புரதம் டி.என்.ஏ.வை இரு புறமும் தள்ளி, வெட்டிச் சேர்க்கும் நொதிகளை உசுப்பிவிடுகிறது. வீட்டுக் கதவை மூடுமுன் வாசலில் யார் காலாவது இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலை.

சுவர் எழுப்பும் பொறிக்கும் காத்திருக்கத் தெரியும். டி.என்.ஏ. கிடக்கும் இடத்தில் சுவர் தொடங்காமல் தடுக்கும் புரதம் அந்த டி.என்.ஏ.வின்மேலேயே அமர்ந்திருக்கிறது. நடுப்பகுதியை டி.என்.ஏ. காலி செய்யும்போது தடையும் விலகுகிறது. இங்கும் மேலாளர் இல்லை. இடம் காலியானதே அனுமதி.

இரண்டு வளையங்கள் ஒன்றாக முடிவது எப்படி?

இனி முதற் கேள்விக்கு வருவோம். வளையம் இரண்டானால் யார் முதலில் தொடங்குவது?

இதற்கு விடை தந்தது நம் முன்னோர் 'வாந்திபேதி' என்று அஞ்சிய காலரா நோயின் கிருமி. அதன் மரபு வரிசை 2000-இல் வெளியானது. பெரிய வளையம் 2.96 மில்லியன் எழுத்து, சிறியது 1.07 மில்லியன். பெரியது ஈ. கோலை போலவே டிஎன்ஏ-ஏ புரதத்தால் தொடங்குகிறது. சிறியதைத் தொடங்கி வைப்பது ஆர்.சி.டி.-பி என்னும் வேறொரு புரதம். அதன் தொடக்க முறை பிளாஸ்மிட் என்னும் சிறு வளையங்களின் முறையை ஒத்தது. எனவே, எப்போதோ வந்து சேர்ந்த ஒரு பிளாஸ்மிடே வளர்ந்து இரண்டாம் குரோமோசோமாக ஆகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிகின்றன. இது 2007-இல் அளந்து காட்டப்பட்டது.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாவில் சோறு வேக நேரமாகும். அப்பளம் பொரிக்கச் சில நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இலை போடும்போது அப்பளம் நமுத்துப் போயிருக்கும். அனுபவமுள்ள சமையற்காரர் கைக்கடிகாரம் பார்ப்பதில்லை. சோறு குறிப்பிட்ட பதத்துக்கு வந்ததும் எண்ணெய்ச் சட்டியை ஏற்றச் சொல்வார்.

காலராக் கிருமியில் அந்தப் பதம் எது? 2014-இல், அமெரிக்காவின் தேசிய நலவாழ்வுக் கழகத்தில் பணியாற்றிய இந்தியரான துருவ சட்டோராஜும் அவருடன் ஆய்ந்தவரும், பெரிய வளையத்தில் உள்ள ஒரு சிறு பகுதி சிறிய வளையத்தின் படியெடுத்தலைத் தூண்டுவதைக் கண்டனர். 2016-இல் பாரிஸ் பாஸ்டர் கழகத்தின் மாரி-எவ் வால், டிடியே மாசெல் குழுவினர் அதன் பொருளை விளக்கினர். சி.ஆர்.டி.-எஸ் என்னும் அப்பகுதி 150 எழுத்துகள் அளவே கொண்டது. படியெடுக்கும் பொறி பெரிய வளையத்தில் ஓடி அந்த இடத்தைக் கடக்கும்போது, சிறிய வளையத்துக்கு மணி அடிக்கிறது. அந்தப் பகுதியைப் பெயர்த்துப் பெரிய வளையத்தின் வேறிடத்தில் வைத்தபோது, சிறிய வளையம் தொடங்கும் நேரமும் அதற்கேற்ப மாறியது. அதை நீக்கிவிட்டால் சிறிய வளையம் சரிவரப் படியெடுக்கப்படாமல் உயிரணுக்கள் நோயுற்று நீளமாகின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பொறிகள் இரண்டு, ஆகவே பெரிய வளையத்தில் ஒவ்வொன்றும் ஓட வேண்டியது 1.48 மில்லியன் எழுத்து. நொடிக்கு 1000 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 25 நிமிடம். சிறிய வளையத்துக்கு ஒவ்வொன்றும் 0.54 மில்லியன், அதாவது 9 நிமிடம். ஒன்றாக முடிய வேண்டுமானால் சிறியது 16 நிமிடம் காத்திருக்க வேண்டும். மணி இருக்கும் இடமோ தொடக்கப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 0.7 மில்லியன் எழுத்துத் தொலைவில். பொறி அங்கு வரச் சுமார் 12 நிமிடம். மணி அடித்த பிறகு சிறிய வளையம் ஆயத்தமாக, பொறி இன்னும் 0.2 மில்லியன் எழுத்து ஓடும் நேரம், அதாவது மூன்று நான்கு நிமிடம் பிடிக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 12-உம் 4-உம் 16!

நேரத்தை அளக்க இந்தக் கிருமிக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. தொலைவையே நேரமாக்கிக்கொண்டது. மணியை எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பங்கீட்டிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பார் அமைப்பு. பெரிய வளையத்தின் தொடக்கப் புள்ளி உயிரணுவின் முனைக்கு இழுக்கப்படுகிறது; சிறியதன் தொடக்கப் புள்ளி நடுவிலிருந்து கால்பங்கு இடங்களுக்குப் போகிறது. சிறியதன் பார் அமைப்பை 2007-இல் நீக்கிப் பார்த்தபோது, அவ்வளையத்தை இழந்த பிள்ளை உயிரணுக்கள் பிழைக்கவில்லை.

நம் கிருமியின் குடும்பம்

சூடோமல்லியை உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் கையாள முடியும். அதன் நெருங்கிய உறவினமான பர்கோல்டேரியா செனோசெபாசியாவில் 2016-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் விரிவான ஆய்வை வெளியிட்டனர். அதற்கு மூன்று குரோமோசோம்களும் ஒரு பிளாஸ்மிடும் உண்டு. தொடக்கப் புள்ளிகள் நடுவில் இருந்து புறப்பட்டு, முதலாவது, இரண்டாவது, பிறகு மற்றவை என்று வரிசை முறையில் விலகின. ஒவ்வொரு பார் அமைப்பும் தன் வளையத்தை மட்டுமே இடம் சேர்த்தது. அதோடு, முதல் குரோமோசோமின் பார்-ஏ புரதத்தை நீக்கியபோது, மூன்று குரோமோசோம்களின் படியெடுப்புத் தொடக்கமும் மாறிப்போனது. இழுப்பதற்கென்று இருந்த புரதம், தொடங்கும் நேரத்திலும் கை வைத்திருக்கிறது. பாடநூலில் படியெடுத்தல், பங்கீடு, பிளவு என மூன்று அத்தியாயங்களாக நாம் பிரித்துப் படிப்பவை உயிரணுவுக்குள் பின்னிக் கிடக்கின்றன.

சூடோமல்லியின் அளவுகளைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பெரியதில் ஒவ்வொரு பொறியும் ஓட வேண்டியது ஏறக்குறைய 2.04 மில்லியன், சிறியதில் 1.59 மில்லியன். அதே 1000 எழுத்து வேகத்தில் 34 நிமிடமும் 26 நிமிடமும் வரும். ஒன்றாக முடிய வேண்டுமானால் சிறியது எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்? காலராக் கிருமியைவிட அதிகமா, குறைவா? வேகம் சூழலுக்கேற்ப மாறலாம். ஆனால் காத்திருக்க வேண்டிய பங்கை வளையத்தின் அளவே தீர்மானிக்கும்.

இதனால் நமக்கென்ன?

"இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனைப் படுக்கையருகே போய்ப் பார்த்தால் விடை தெரியும்.

மெலியோய்டோசிஸ் சிகிச்சை இரு கட்டமாக நடக்கிறது. முதலில் செஃப்டாசிடிம் போன்ற மருந்து, குறைந்தது பத்துப் பதினான்கு நாள் ஊசி வழியாக. அடுத்து கோ-டிரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம்.

செஃப்டாசிடிம் முதன்மையாகத் தாக்குவது பிளவுச் சுவரைக் கட்டும் ஒரு புரதத்தை. சுவர் எழும்பாமல் கிருமி நீண்டுகொண்டே போகிறது. அப்புரதத்தின் மரபணு சூடோமல்லியின் சிறிய குரோமோசோமில் இருக்கிறது. தாய்லாந்தில் சிகிச்சை பலிக்காத சில நோயாளிகளின் கிருமிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். அக்கிருமிகள் சிறிய குரோமோசோமின் அந்தத் துண்டையே இழந்திருந்தன. தாக்க வேண்டிய இலக்கே இல்லை! பிளவு குலைந்து நீள் இழைகளாக வளர்ந்த அவை, வழக்கமான ஆய்வகத் தட்டுகளில் எளிதில் வளரவில்லை; ஆகவே கண்டுபிடிப்பதும் கடினமாயிற்று. குரோமோசோம் படிப்பு தெரியாதவர் இதை ஊகித்திருக்க முடியுமா?

கோ-டிரைமாக்சசோல் வேறு வழியில் செல்கிறது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை உருவாக்க ஃபோலேட் வேண்டும். அந்த ஃபோலேட் தயாரிப்பை இம்மருந்து இரண்டு இடங்களில் முடக்குகிறது. எழுத்து இல்லாமல் படியெடுப்பது எப்படி? இந்த மாத்திரைக்கு ஏன் மூன்று மாதம் என்று நோயாளிகள் சலித்துக்கொள்வது உண்டு. இக்கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து நெடுங்காலம் கிடக்க வல்லது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிலருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் வெளிப்பட்டிருக்கிறது. பிளவுறும் கிருமியைத் தாக்கும் மருந்துக்கு, பிளவுறாமல் கிடக்கும் கிருமி எளிதில் சிக்காது. அது விழித்துப் படியெடுக்கத் தொடங்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்துவது, நோய் மீண்டும் வர வாசலைத் திறந்து வைப்பதாகும்.

இந்நோய்க்கு எளிதில் ஆளாகிறவர்கள் இனிப்புநீர் உள்ளவர்கள். நம் நாட்டின் நலக் கணக்கெடுப்புகளில் இந்தியரிடையே இனிப்புநீர் விகிதம் உயர்வாகவே வந்துள்ளது. கோத்தா திங்கியும் சிகாமட்டும் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் மூழ்கியதை ஜொகூர் மக்கள் மறக்கவில்லை. நீர் வடிந்த பின் வெறுங்காலோடு சேற்றை வாரிக் கொட்டியவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் இருந்தனர். செம்பனைத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் தினமும் மண்ணைத் தொடுகிறவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு, பூட்ஸ் காலணி அணிந்து மண்ணில் இறங்கச் சொல்லுங்கள். இனிப்புநீர் உள்ள பெரியவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், மண்வேலை செய்ததையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நிறைவாக

அந்த இளைய மாணவருக்கு நான் இப்போது சொல்லக்கூடிய விடை இது: தம்பி, பாக்டீரியா தன் குரோமோசோமைத் தானாகப் பிரியும்படி விட்டுவிடுவதில்லை. தொடக்கப் புரதம் கூடினால் படியெடுத்தல் தொடங்கும். படியெடுக்கும் ஓட்டமே மறு தொடக்கத்தைப் பூட்டும். பொறி கடக்கும் ஓரிடம் இரண்டாம் வளையத்தை எழுப்பும். இரட்டித்த தொடக்கப் புள்ளிகளைப் பார் அமைப்பு இழுத்துச் செல்லும். நடுவிடம் காலியானதும் சுவர் எழும்பும். ஒவ்வொரு படியும் தன் முன்படிக்குச் செவிசாய்க்கிறது.

நூறு ஆண்டுக்கு முன் ரங்கூனின் பிணவறையில் கிருஷ்ணசாமி கண்ணுக்குத் தெரிந்தது ஒரு நகரும் கோல் மட்டுமே. அதற்குள் இரண்டு வளையங்கள் இருப்பது தெரிய இன்னும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வளையங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்ற ஆய்வு நம் காலத்தில் நடந்துகொண்டிருக்கிறது. உயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பயிலும் நம் மாணவர்களில் ஒருவர் அந்த ஆய்வின் அடுத்த பக்கத்தை எழுதினால், கிருஷ்ணசாமியின் பெயருக்கு அருகில் இன்னொரு தமிழ்ப் பெயரும் இடம்பெறும். கிருமியோ நம் காலடி மண்ணிலேயே இருக்கிறது.